கை கனத்த ஹிக்மத்

எங்கள் சந்தில் ஹிக்மத்துக்கு முதுகு காட்டாத ஆள் கிடையாது. முதுகு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மீன் ஏலம் போடுகிறவன், பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற மோதினார், நேற்றுக் கல்யாணமாகி வந்தவள், பேரன் பேத்தி எடுத்தவள் எல்லாரும் அவள் வீட்டு நீலச் சோபாவில் குப்புறப் படுத்து எழுந்தவர்கள்தான். அலெக்சாந்திரியாவில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் ஊசி போட ஆரம்பித்துவிட்டாள். கை லேசு என்று பெயர். மருந்துக்கடைப் பையன் குத்தினால் கழுதை உதைத்த மாதிரி இருக்கும். ஹிக்மத் குத்தினால், "போட்டாச்சாக்கா?" என்று கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

கைதான் லேசு. மனசு அப்படி இல்லை. ஒருவர் மேல் கறுவினாள் என்றால் கறுவினதுதான். அவளுடைய துணிக்கொடியில் ஒரு தடவை ஈரப் பாயைக் காயப்போட்ட பக்கத்து வீட்டுக்காரி இருபது வருஷம் கழித்து இறந்துபோனாள். மையத்து வீட்டுக்குப் போய் ஒழுங்காக அழுதுவிட்டு வெளியே வந்த ஹிக்மத், படியிறங்கும்போது சொன்னாளாம்: "கடைசி வரைக்கும் அந்தப் பாய்க்கு ஒரு மன்னிப்புக் கேக்கல பாரு."

பாய்க்கே இப்படி என்றால் தம்பிக்கு எப்படி இருக்கும்? அவளுடைய தம்பி ஃபத்ஹி மீன் ஏலக்கூடத்தில் எடை போடுகிற வேலையில் இருந்தவர். ஹிக்மத் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிதான் உலகம். கீழ்த்தளத்தில் அவள், மாடியில் தம்பியும் அவர் பெண்டாட்டி இன்ஷிராவும். ஃபத்ஹிக்குச் சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளையும் அக்காதான் அவருக்கு இன்சுலின் போடுவாள். இன்ஷிராவோ பஸ்பூசா போட்டு விற்கிறவள். ரவையைச் சுட்டுப் பாகில் ஊறவைக்கிற அந்தப் பலகாரத்துக்கு எங்கள் சந்து மட்டுமல்ல, டிராம் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் அடிமை. ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து எதையோ மறந்து திரும்பிவந்த ஹிக்மத், தம்பியின் கட்டிலருகே பாகுக் கிண்ணத்தையும் அதில் கிடந்த கரண்டியையும் பார்த்தாள். தம்பியின் மீசையில் பாகு. இன்ஷிரா கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஃபத்ஹிதான், "ஆசையா இருந்துச்சுக்கா, நான்தான் கேட்டேன்" என்றார்.

அடுத்த நாலு வருஷத்தில் சிறுநீரகம் கெட்டு ஃபத்ஹி போய்ச் சேர்ந்தார். இனிப்பைக் கொடுத்தே என் தம்பியைக் கொன்றுவிட்டாள் என்று ஹிக்மத் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கோபம் தீர்ந்துபோகும் என்று பயந்தாளோ என்னவோ. எட்டு வருஷமாக அதை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி விட்டுப்போனதில் மிச்சம் ஒரே ஒரு உயிர்தான். ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் விழுந்து விறைத்துக் கிடந்த ஒரு பூனைக்குட்டியை ஃபத்ஹி சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம், பெரிய தலை. நடை மட்டும் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகிற பெரியதனக்காரர் நடை. அதனால் உம்தா என்று பெயர் வைத்தார். எங்கள் ஊரில் கிராமத்துத் தலைவரை அப்படித்தான் சொல்வோம். ஃபத்ஹி போன பிறகு உம்தா இரவில் ஹிக்மத் வீட்டிலும் பகலில் மாடிப்படியிலும் வசித்தது. படிக்கு மேலே இன்ஷிராவின் கதவு. அதுதான் ஹிக்மத்துக்கு வயிற்றெரிச்சல்.

போன குளிர்காலத்தில் உம்தா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. தின்றது, தின்றும் இளைத்தது. பின்னங்கால் பாதம் முழுவதும் தரையில் படுகிறாற்போல நடந்தது. ஹிக்மத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பியின் பழைய சர்க்கரை மிஷினை அலமாரியிலிருந்து எடுத்தாள். புதுப் பட்டைகள் வாங்கினாள். பூனையின் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். நானூற்று அறுபது. அன்று அவள் அழுதது தம்பி செத்த அன்று அழுததற்குக் குறைவில்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள்.

கால்நடை மருத்துவர் ரிஹாம் சின்ன வயதுப் பெண். "ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, வேளைக்கு ரெண்டு யூனிட். பன்னெண்டு மணி நேரம் இடைவெளி இருக்கணும். அதுதான் முக்கியம். நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க. எதுனாலும் எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்றாள்.

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் இன்சுலின் போட்டவ, கண்ணு" என்றாள் ஹிக்மத். ரிஹாம் சிரித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஹிக்மத் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கடிகாரத்தின் மேல் நம்பிக்கை போய் நாளாயிற்று. கோடை வந்தால் அரசாங்கம் முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, குளிர் வந்தால் பின்னே இழுக்கிறது. பழைய மணியா புது மணியா என்று சந்தில் தினமும் சண்டை. "கடியாரத்த அரசாங்கம் திருகும். பாங்கை எவன் திருகுவான்?" என்பாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவள் ஜன்னலுக்கு நேரே. அப்போது தை மாதக் குளிர். விடியும் முன் சுபுஹு பாங்கு ஐந்தரைக்கு, சூரியன் விழுந்ததும் மஃரிபு பாங்கு ஐந்தேகாலுக்கு. விரல் விட்டு எண்ணினாள். கால் மணி முன்பின், பன்னிரண்டு மணி நேரம். இறைவனே போட்டுக் கொடுத்த கணக்கு என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தம்பிக்கும் இப்படித்தான் போட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க உம்தா ராஜாவாக இருந்தது. மோதினார் தொண்டையைச் செருமினாலே போதும், எங்கே கிடந்தாலும் எழுந்து வந்து கிண்ணத்தின் முன் உட்காரும். தின்னும்போதே தோளுக்குப் பின்னால் தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியைப் போட்டுவிடுவாள். அதற்குத் தெரியவே தெரியாது. இருநூறு, நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பத்து. நாள்காட்டியில் தேதிக்குக் கீழே எழுதி வைப்பாள். கால் நேராயிற்று. ரோமம் பளபளத்தது. "என் கை பட்டா நோய் ஓடும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் உம்தாவைத் தூக்கிக் காட்டினாள்.

வைகாசி பிறந்தது. எண்கள் பேயாட்டம் ஆட ஆரம்பித்தன. சுபுஹுக்குப் பார்த்தால் நூற்றுப் பத்து. மஃரிபுக்குப் பார்த்தால் நானூற்று முப்பது. மறுநாள் காலை தொண்ணூற்று ஐந்து, மாலை நானூற்று எழுபது. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கிற பூனை மாலைக்குள் தண்ணீர்க் குடத்தில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. இடையில் ஒரு பகல். அந்தப் பகலில் அது படுப்பது மாடிப்படியில். மாடியில் பகலெல்லாம் பாகு கொதிக்கிறது. இதற்கு மேல் ஹிக்மத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

படியில் வழிமறித்தாள்.

"ஏண்டி, பூனைக்கு என்ன குடுக்குற?"

இன்ஷிரா கையில் தட்டோடு நின்றாள். "நானா? நான் என்ன மதினி குடுக்கப்போறேன்?"

"பொய் சொல்லாத. பகல்ல உன் வாசல்லதான் கெடக்கு. சாயங்காலம் சக்கரை எகிறுது. கைய நீட்டு, மோந்து பாக்குறேன்."

"பஸ்பூசா பண்றவ கை பாகு நாறாம மீனா நாறும்? பூனை எங்கயாச்சும் இனிப்பு திங்குமா மதினி? மோந்துகூடப் பாக்காது."

"உன் கைப் பக்குவத்துக்கு எதுவும் திங்கும். என் தம்பி திங்கலையா?"

இன்ஷிராவின் முகம் ஒரு நொடி மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வழிய விடுங்க மதினி, பாகு அடிப்புடிச்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனாள். குற்றம் செய்தவள்தான் இப்படிப் பேச்சை முழுங்குவாள் என்று ஹிக்மத் முடிவு கட்டினாள்.

பழிக்கு வழி தேடி அவள் அலைய வேண்டியிருக்கவில்லை. பழி தானே மாடியிலிருந்து இறங்கி வந்து நீலச் சோபாவில் படுத்தது. இன்ஷிராவுக்குக் கால் மரத்துப்போகிற வியாதி. நரம்புக்கு வைட்டமின் ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள், பதினாறு ஊசி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எட்டு வருஷப் பகை இருந்தாலும் ஊசிக்கு எங்கள் சந்தில் வேறு போக்கிடம் கிடையாது. அந்த மருந்து சும்மாவே கடுக்கும். ஹிக்மத் அதைக் கடுக்காமல் போடத் தெரிந்தவள். அப்படியானால் எப்படிப் போட்டால் உயிர் போகும் என்பதும் அவளுக்குத்தானே தெரியும்?

மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்து ஐஸாக்கினாள். போடுவதற்கு மெல்லிய ஊசி உண்டு. அதை விட்டுவிட்டு, குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்ச வைத்திருக்கிற தடித்த ஊசியை மாட்டினாள். ஸ்பிரிட்டைத் தடவி, அது காயும்முன் ஈரத்தோடு குத்தினாள். காயாத ஸ்பிரிட்டும் ஊசியோடு உள்ளே போனால் தீ வைத்த மாதிரி எரியும். பிறகு மருந்தை மெதுவாக ஏற்றாமல் ஒரே அழுத்தாக அழுத்தினாள். கத்துடி, என் தம்பிக்காக ஒரு தடவை கத்து என்று மனசுக்குள் சொன்னாள்.

இன்ஷிரா சோபாத் துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பல் கடிபட்ட சத்தம் கேட்டது. வாயிலிருந்து ஒரு 'ம்' வரவில்லை. எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு, "கை லேசுன்னா லேசுதான் மதினி. நல்லா இருங்க" என்றாள். ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறிப் போனாள்.

ஹிக்மத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த ஊசியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்பது ஊசி போட்டாள். ஒன்பதுக்கும் அதே வாழ்த்து. கத்தாத ஒருத்தியைக் குத்துவதில் என்ன சுகம் இருக்கிறது, சொல்லுங்கள். அதனால் நாலாவது ஊசி போட்ட நாளிலிருந்தே வேறு இடத்திலும் குத்த ஆரம்பித்திருந்தாள்.

காய்கறிக்காரி அத்தியாத் மூட்டுவலிக்கு ஊசி போட வந்தபோது, பஞ்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு எதுக்குப் பொல்லாப்பு. ஆனா நீ பச்சப்புள்ளைங்க இருக்குற வீட்டுக்காரி. நேத்து மாடியில இருந்து வந்த பஸ்பூசாவுல ஒரு முடி. பாத்தா பூனை முடி."

"உம்தா முடியாக்கா?"

"நான் பேர் சொல்லல."

அத்தியாத்திடம் ஒரு சேதியைச் சொல்வதும் மோதினார் கையில் ஒலிபெருக்கியைக் கொடுப்பதும் ஒன்றுதான். ஒரே வாரத்தில் இன்ஷிராவின் தட்டுகள் போன மாதிரியே திரும்பிவந்தன. நிச்சயதார்த்தம் ஒன்றுக்குச் சொல்லியிருந்த பத்துத் தட்டும் நின்றுபோயிற்று. மாடியில் பாகு கொதிக்கிற வாசனை குறைந்தது. ஹிக்மத் ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடித்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஆனால் உம்தாவின் எண் மட்டும் இறங்கவில்லை. பாகு கொதிக்காத நாளிலும் மாலையில் நானூற்று ஐம்பது. இங்கேதான் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். வஞ்சம் குடிபுகுந்த தலையில் யோசனைக்கு இடம் ஏது? "பழசை ஒளிச்சு வெச்சுக் குடுக்குறா" என்று முடிவு செய்தாள். ரிஹாமுக்கு ஃபோன் செய்யவில்லை. சின்னப் பெண்ணிடம் என்ன கேட்பது? அவள் இனிப்பை ஏற்றட்டும், நான் மருந்தை ஏற்றுகிறேன் என்று இரண்டு யூனிட்டை மூன்றாக்கினாள்.

மூன்றாம் நாள் காலை. சுபுஹுக்கு உம்தா கிண்ணத்தில் பாதியை வைத்துவிட்டது. எண் எண்பத்தெட்டு. ராத்திரி மூன்று போட்டதற்குக் கைமேல் பலன் என்று மகிழ்ந்து, மறுபடியும் மூன்றைப் போட்டாள். எட்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, படுத்த படுக்கையாக இருக்கிற இரண்டு பேருக்கு ஊசி போட வெளியே போனாள். திரும்பி வரும்போது மணி ஒன்பது இருக்கும். மீன் ஏலம் முடிந்து சந்தெல்லாம் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உம்தாவைத் தேடி மாடிப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

மூன்றாவது படியில் இன்ஷிரா உட்கார்ந்திருந்தாள். மடியில் உம்தா. பக்கத்தில் பாகுக் கிண்ணம். இன்ஷிராவின் சுண்டுவிரல் பூனையின் வாய்க்குள் இருந்தது.

கையும் களவுமாக. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பார்த்த அதே கிண்ணம்.

"சண்டாளி" என்றாள் ஹிக்மத். காலைத் தூக்கி ஓர் உதை விட்டாள். கிண்ணம் உருண்டு இரண்டு படி கீழே போய் விழுந்தது. பாகு படியில் வழிந்தது. "ஒருத்தனக் கொன்னது பத்தலையா உனக்கு?"

இன்ஷிரா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை. "மிஷின எடுத்துட்டு வா" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் மதினியை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னது?"

"சக்கரை மிஷின எடுத்துட்டு வான்னு சொல்றேன். புள்ளை சாகுது."

அப்போதுதான் ஹிக்மத் பூனையைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. பின்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. முப்பத்திரண்டு வருஷ நர்ஸுக்கு அதைப் புரிந்துகொள்ள மிஷின் தேவையில்லை. இருந்தும் ஓடிப்போய் எடுத்து வந்தாள். காதில் இரண்டு தடவை குத்தித்தான் ஒரு சொட்டு வந்தது.

முப்பத்தொன்று.

"பாகு" என்றாள் ஹிக்மத். "இன்னும் பாகு வேணும்."

"நீதானே எத்திவிட்ட. மாடி ஏறி எறங்க எனக்கு எந்தக் கால் இருக்கு? நீ குத்தின காலா? அதோ படியில கெடக்கு, வழிச்சு எடு."

ஹிக்மத் மண்டி போட்டாள். ஊர்ச் செருப்பெல்லாம் மிதிக்கிற படியில் வழிந்து கிடந்த பாகை விரலால் வழித்தாள். உம்தாவின் உதட்டைத் தூக்கி ஈறில் தடவினாள். மறுபடி வழித்தாள், மறுபடி தடவினாள். எத்தனை தடவை என்று அவளுக்கே நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. நாக்கு தானாக விரலை நக்கியது. ஐம்பத்திரண்டு. எழுபத்தெட்டு. உம்தா தலையைத் தூக்கி, சுற்றிப் பார்த்து, யாரோ தன்னை அவமதித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டது.

பூனையை நீலச் சோபாவில் படுக்க வைத்து, மீன் துண்டு ஒன்றை ஊட்டினார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

"நீ இல்லன்னா செத்திருக்கும்" என்றாள் ஹிக்மத் கடைசியில்.

"அவ்வளவு பெரிய மனசெல்லாம் எனக்குக் கெடையாது. என் வாசல்லதான் வந்து விழுந்துச்சு. ஒரு காப்பி கொதிக்குற நேரம் பாத்துக்கிட்டேதான் நின்னேன். சாகட்டும், அவ வயிறு எரியட்டும்னு நெனச்சேன். அப்புறம், செத்தா நான்தான் விஷம் வெச்சேன்னு அத்தியாத்துகிட்ட சொல்லுவியேன்னு தோணுச்சு. அதான் கிண்ணத்தையும் புள்ளையையும் எடுத்துக்கிட்டு உன்னத் தேடி எறங்குனேன்."

"நீ இனிப்பு குடுக்கலன்னா சாயங்காலம் எப்பிடி ஏறுது? காலையில எப்பிடி எறங்குது?"

இன்ஷிரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்ப ஊசி போடுற?"

"சுபுஹுக்கு ஒண்ணு, மஃரிபுக்கு ஒண்ணு. பன்னெண்டு மணி நேரம்."

"எந்த ஊர்ல பன்னெண்டு?" என்றாள் இன்ஷிரா. "நான் படிக்காதவ. ஆனா மொச்சை ஊறப்போடுறவ. குளுரு காலத்துல மஃரிபுக்கு ஊறப்போட்டா சுபுஹுக்குப் பஞ்சா இருக்கும், அரைச்சு வடை சுடுவேன். கோடையில அதே மொச்சைய அதே மஃரிபுக்குப் போட்டுப் பாரு. சுபுஹுக்குக் கல்லு மாதிரி கெடக்கும். ஏன்? எட்டு மணிக்கு மேல மஃரிபு, நாலு மணிக்கெல்லாம் சுபுஹு. எட்டு மணி நேரம் எப்பிடி ஊறும்? அதான் கோடையில நான் நாலரை மணி அசருக்கே போட்டுடுவேன். மொச்சைக்கு இருக்குற கணக்கு உன் மருந்துக்கு இல்லையா?"

ஹிக்மத் விரலை மடக்கினாள். எட்டிலிருந்து நாலு வரை. எட்டு விரல். நாலிலிருந்து எட்டு வரை. விரல் போதவில்லை. பதினாறு. ராத்திரி மருந்தின் வேலை முடியும்முன் விடிகாலையில் அடுத்தது. பிறகு பகல் முழுக்க ஒன்றுமில்லை. அதனால்தான் காலையில் பள்ளம், மாலையில் மலை. பாங்கை யாரும் திருகவில்லை. சூரியன்தான் நகர்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். வருஷா வருஷம் நோன்புக்குப் பட்டினி கிடந்து உடம்பால் அறிந்த விஷயம். அதை ஊசியோடு சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

பிறகு இன்னொன்றும் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"ஃபத்ஹிக்கும் அப்பிடித்தானே போட்டேன்" என்றாள்.

இன்ஷிரா பூனையின் காதை நீவினாள்.

"சொல்லுடி. அந்தக் கிண்ணம்."

"கோடை வந்தா காலையில எட்டு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டும். நாக்கு குழறும். என்னையே யாருன்னு கேப்பாரு. நாக்குல பாகு தடவுவேன். எந்திரிச்சு உக்காருவாரு. வேலைக்குப் போவாரு. அன்னிக்கு நீ பாத்தது அதுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். ஊசிக்கப்புறம் இவருக்கு என்னமோ பண்ணுது மதினின்னு சொன்னேன். நர்ஸுக்கே பாடம் எடுக்குறியான்னு கேட்ட. மறுபடி சொல்லப்போனேன். அவர்தான் தடுத்தாரு. 'அக்காகிட்ட சொல்லாத, அவ கைமேல அவளுக்கு இருக்குற பெருமையைத் தவிர அவளுக்கு வேற என்ன இருக்கு'ன்னாரு. செத்த பெறகு சொல்லி என்ன ஆகப்போகுது?"

சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் ஹிக்மத்தின் அலமாரியில் இருக்கிறது. அதை ஆயிரம் தடவை படித்திருக்கிறாள். இனி அதைப் படித்து என்ன பிரயோஜனம்? எட்டு வருஷமாக ஆள் தேடினாள். ஆள் வீட்டுக்குள்ளேயே, அவள் மணிக்கட்டிலேயே இருந்திருக்கிறது. அழுதாள். சத்தம் இல்லாமல், மூக்கைத் துடைக்காமல் அழுதாள். இன்ஷிரா தேற்றவில்லை. தேற்றுகிற அளவுக்கு அவளுக்கும் காயம் ஆறவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து இன்ஷிரா எழுந்தாள். பூனையைத் தூக்கி நாற்காலியில் விட்டாள். சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எனக்கு ஊசி நாள்" என்றாள்.

ஹிக்மத் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் மூடி, உடம்புச் சூடு ஏறும்வரை வைத்திருந்தாள். இருப்பதிலேயே மெல்லிய ஊசியைத் தேடி எடுத்தாள். ஸ்பிரிட்டைத் தடவி, காயும்வரை ஊதினாள். இத்தனை வருஷத் தொழிலில் அவ்வளவு லேசாக யாருக்கும் போட்டதில்லை. மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். எறும்பு நடந்த மாதிரிகூட இருந்திருக்காது.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள்.

இன்ஷிரா தலையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தாள். கத்தினாள்.

"ஐயையோ, கொல்றாளே! காலே போச்சே!"

மீன்காரர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். மருந்துக்கடைப் பையன் வாசலுக்கு வந்தான். அத்தியாத் தராசில் வெங்காயத்தை வைத்தபடியே ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளந்தாள். உம்தா நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

கத்தி முடித்த இன்ஷிரா எழுந்து உட்கார்ந்தாள். உடுப்பைச் சரிசெய்தாள். "போட்டாச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். "தெரியவே இல்லையே."

கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "பூனைக்கு ஏழு மணிக்கு ஏழு மணி போடுங்க மதினி. கடியாரத்தப் பாத்து. அந்த டாக்டர் பொண்ணுக்கு ஃபோன் பண்ணுங்க. எனக்கு இன்னும் ஆறு ஊசி பாக்கி இருக்கு."

ரிஹாம் வந்து பார்த்து, ஹிக்மத்தை ஒரு வார்த்தை திட்டாமல், ஒரு யூனிட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஹிக்மத் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினாள். ஏழுக்கும் ஏழுக்கும் நடுவே பாங்கு சொன்னால் உம்தா கிண்ணத்தின் முன் வந்து உட்கார்ந்து கத்தும். அதன் முகத்தைப் பார்க்காமல் ஏழு வரைக்கும் காத்திருக்கப் பழகிக்கொண்டாள். இரண்டு வாரத்தில் எண் இருநூற்று இருபதுக்கு வந்து நின்றது.

இன்ஷிராவின் ஆறு ஊசிகளையும் அதே மாதிரி போட்டாள். சூடாக்கி, ஊதி, சொட்டுச் சொட்டாக. ஆறு தடவையும் இன்ஷிரா ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள். கடைசித் தடவை பக்கத்துச் சந்திலிருந்தே ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த மாதத்தோடு நீலச் சோபா காலியாயிற்று. சனம் பல்லைக் கடித்துக்கொண்டு மருந்துக்கடைப் பையனிடம் போயிற்று.

ஒரு நாள் அத்தியாத் மட்டும் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. உன் கை கனத்துப்போச்சுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் நம்பல. நீயே சொல்லு, பொய்தானே?"

ஹிக்மத் உம்தாவுக்குக் காதில் குத்திக்கொண்டிருந்தாள். மாடியில் தட்டு உருளுகிற சத்தம் நின்றது. இன்ஷிரா காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"பொய் இல்ல" என்றாள் ஹிக்மத், மாடிக்கும் கேட்கிற மாதிரி. "கனத்துத்தான் போச்சு. பத்துப் பன்னெண்டு வருஷமாவே கனம். அந்தப் பஸ்பூசாவுல முடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன். போய் நாலு பேர்கிட்ட சொல்லு."

மிஷின் கூவியது. இருநூற்றுப் பத்து. தேதியைத் தேடி அதன் கீழே எழுதிக்கொண்டாள்.